நெஞ்சும் ஒரு ரெசிஸ்டர்தான்

யூனியில் எலெக்ட்ரிக்கல் படித்த யாரையாவது பிடித்து, "ஆர்-எல்-சி சேர்க்கிட் எண்டால் என்ன ஞாபகம் வருது?" எண்டு கேட்டுப் பாருங்கோ. பெரும்பாலும் ஒரு சோதனைத்தாளைத்தான் சொல்லுவினம். ஒரு ரெசிஸ்டர், ஒரு இண்டக்டர், ஒரு கப்பாசிட்டர். பூச்சிய நேரத்தில் சுவிட்ச் மூடுகிறது, கரண்டை நேரத்தின் சார்பாக எழுது. ஓவர்டாம்ப்ட், கிரிட்டிக்கலி டாம்ப்ட், அண்டர்டாம்ப்ட். மூன்று கேஸ், மூன்று சூத்திரம், பதினைந்து மார்க்ஸ். அந்தச் சுவிட்சை யார் மூடினது, ஏன் மூடினது, மூடாவிட்டால் என்ன நடந்திருக்கும்? அதை ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

இந்தக் கிழமை எபிசோடில் டீஃபிபிரிலேட்டர் பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் விட்டுப்போனது இந்தச் சேர்க்கிட்தான். என்னைக் கேட்டால், ஆர்-எல்-சி படிப்பிக்கிற எந்த ஆசிரியரும் முதல் நாளே வகுப்புக்குள் ஒரு டீஃபிபிரிலேட்டரைக் கொண்டுவர வேண்டும். அந்தப் பெட்டிக்குள் கப்பாசிட்டர் இருக்கிறது. பழைய பெட்டி என்றால் இண்டக்டரும் இருக்கிறது. ரெசிஸ்டர் மட்டும் உள்ளுக்குள் இல்லை. அது நிலத்தில் கிடக்கிற ஆளின் நெஞ்சு.

இதை நான் ஒரு நல்ல பாட உதாரணம் என்பதற்காக மட்டும் எழுதவில்லை. எங்கட கோயில்களிலும், தமிழ்ப் பள்ளிகளிலும், கலியாண ஹோல்களிலும் இந்தப் பெட்டி எங்கே தொங்குகிறது என்பதில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதுக்கு வருவேன். முதலில் சேர்க்கிட்.

சாவு எப்படி வருகிறது என்பதில் இரண்டு சொற்களை நாங்கள் போட்டுக் குழப்புகிறோம். மாரடைப்பு என்பது குழாய்ப் பிரச்சினை: இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற நாளம் அடைபடுகிறது. ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டே இருப்பார். திடீரென்று விழுந்து மூச்சுப் பேச்சில்லாமல் போவது வயரிங் பிரச்சினை. மாரடைப்பு அதுக்குக் காரணமாக இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். இதயத் தசை ஒன்றாகச் சுருங்குவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு மூலையும் தன்பாட்டுக்குத் துடிக்கத் தொடங்குகிறது. இதுதான் வென்ட்ரிகுலர் ஃபிபிரிலேஷன். ஆயிரம் பேர் இழுக்கிற தேர் வடத்தை ஆளுக்கொரு திசையில் இழுத்தால் தேர் நகராது, இல்லையோ? அதேதான். சக்தி இருக்கிறது, ஒழுங்கு இல்லை. இரத்தம் போகாது.

அதை நிற்பாட்ட ஒரே வழி, இதயத்தின் பெரும்பகுதித் தசையை ஒரே நேரத்தில் மின்சாரத்தால் தட்டி அமைதியாக்குவது. பிறகு இதயத்தின் சொந்த பேஸ்மேக்கர் திரும்பவும் தாளம் பிடிக்கும். எங்கட சினிமாவில் மொனிட்டரில் நேர்கோடு வந்ததும் டொக்டர் ஷொக் குடுப்பாரே, அது பச்சைப் பொய். நேர்கோட்டுக்கு ஷொக் வேலை செய்யாது. குழப்பத்தைத்தான் ஷொக் அடக்கும். அடக்குவதற்கு அங்கே குழப்பமாவது இருக்கவேண்டும்.

1947-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் குளோட் பெக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், திறந்த நெஞ்சுக்குள் நேரடியாக இதயத்தில் வைத்து 14 வயதுப் பையன் ஒருவனைக் காப்பாற்றினார். 1956-ல் பொஸ்டனில் போல் சோல் நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே செய்தார். இரண்டு பேரும் பாவித்தது சுவரிலிருந்து வருகிற ஏசி மின்சாரம். அதில் இரண்டு சிக்கல். ஏசி ஷொக்கே சிலவேளை இதயத்தைத் திரும்பக் குழப்பிவிடும். மற்றது, பிளக் இல்லாத இடத்தில் விழுந்தவன் பிழைக்க வழியில்லை.

இங்கேதான் கப்பாசிட்டர் வருகிறது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அது மின்தேக்கி, இலங்கைப் பாடப்புத்தகத்தில் கொள்ளளவி. எனக்கு மின்தேக்கி என்ற சொல் பிடிக்கும், ஏனென்றால் அது செய்கிற வேலையைச் சொல்கிறது: மெல்ல மெல்லத் தேக்கி, ஒரேயடியாகத் திறந்துவிடுவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய மெஷின்கள் 360 ஜூல் வரை குடுக்கும். அந்த 360 ஜூலைப் பத்து செக்கனில் சேர்க்க 36 வாட் போதும். உங்கட லாப்டொப் சார்ஜர் அதைவிடக் கூடக் குடுக்கும். அதையே 5 மில்லிசெக்கனில் திறந்துவிட்டால் சராசரி 72,000 வாட். கூட்டின சக்தி ஒன்றுதான். 20 மில்லிகிராம் சீனியில், அதாவது நகநுனியில் ஒட்டுகிற அளவில், இருக்கிற சக்திதான் அது. அந்தச் சீனியைத் தின்றால் ஒன்றும் நடக்காது. இதயத்தைத் திரும்பத் தொடக்குவது சக்தியின் அளவு இல்லை, அது நேரத்தில் எடுக்கிற வடிவம்.

டைம் டொமெயின் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான அர்த்தம் எனக்குத் தெரியாது.

சரி, கப்பாசிட்டரை மட்டும் நெஞ்சில் நேரே கொட்டினால் என்ன? கணக்குக்கு 32 மைக்ரோஃபேரட் எடுப்போம். 360 ஜூலுக்கு அதை ஏறத்தாழ 4,700 வோல்ட்டுக்குச் சார்ஜ் பண்ணவேண்டும். நெஞ்சின் தடை 50 ஓம் என்று வைப்போம். சுவிட்ச் மூடின அந்தக் கணத்திலேயே 95 அம்பியர் பாயும். பிறகு 1.6 மில்லிசெக்கன் டைம் கொன்ஸ்டன்டில் சரிந்துகொண்டு போகும். தொடக்கத்தில் ஒரு கூர்முனை, கடைசியில் ஒரு நீண்ட வால். கூர்முனை தசையைச் சேதப்படுத்தும். வால் இன்னும் மோசம்: அடங்கின இதயத்தை அந்தச் சின்னக் கரண்டே திரும்பக் குழப்பலாம்.

இதுக்கு மருந்து ஒரு கம்பிச் சுருள், அதாவது இண்டக்டர். தேர் மாதிரித்தான் அதுவும். தொடங்கவும் பஞ்சிப்படும், தொடங்கினால் நிற்கவும் பஞ்சிப்படும். அதே கப்பாசிட்டருக்கு முன்னால் 50 மில்லிஹென்றி சுருளைப் போட்டால் கரண்ட் பூச்சியத்திலிருந்து வளைந்து ஏறி, 1.4 மில்லிசெக்கன் அளவில் 58 அம்பியரில் உச்சம் தொட்டு, 5 மில்லிசெக்கனில் பூச்சியத்துக்கு இறங்கிவிடும். கூர்முனையும் இல்லை, வாலும் இல்லை. பெர்னார்ட் லௌன் என்ற இதய டொக்டரும் பருக் பெர்கோவிட்ஸ் என்ற எஞ்சினியரும் 1960-களின் தொடக்கத்தில் பொஸ்டனில் செய்தது இதைத்தான். அந்த வடிவத்துக்கு லௌன் வேவ்ஃபோர்ம் என்றே பேர். ஒரு டொக்டரும் ஒரு எஞ்சினியரும் ஒரே மேசையில் இருந்தால் இப்பிடி நடக்கும். எங்கட வீடுகளில் இரண்டு பேரும் தாராளமாக இருக்கினம், ஆனால் ஒரே மேசையில் இருந்தால் வீட்டு விலையைப் பற்றித்தான் கதைப்பினம்.

இப்ப அந்த மூன்று கேஸுக்கு வாருங்கோ. இந்தச் சேர்க்கிட்டில் கிரிட்டிக்கல் தடை எவ்வளவு? எல்லை சியால் பிரித்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கு: 79 ஓம். மனித நெஞ்சின் தடை ஆளுக்கு ஆள் மாறும். இருபத்தைந்து ஓமுக்குக் கிட்டவும் வரும், நூற்றி ஐம்பதைத் தாண்டியும் போகும். அப்படியென்றால் 50 ஓம் ஆளுக்கு அந்த மெஷின் அண்டர்டாம்ப்ட். 100 ஓம் ஆளுக்கு அதே மெஷின், அதே சார்ஜ், ஓவர்டாம்ப்ட். அவருக்கு உச்சம் 37 அம்பியர்தான், அதோடு சுருள் போட்டும் அந்த வால் திரும்ப வந்துவிடுகிறது. சோதனைத்தாளில் வருகிற மூன்று கேஸும் உண்மையில் மூன்று ஆட்கள். ஒருத்தர் மெலிந்தவர், ஒருத்தர் நெஞ்சு நிறைய முடி உள்ளவர், ஒருத்தருக்குப் பாட் சரியாக ஒட்டவில்லை. எந்தச் சமன்பாட்டை எழுதுகிறோம் என்பதை அந்த உடம்புதான் முடிவு பண்ணுகிறது.

பெட்டியை வாங்கி மாட்டினால் காணும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு ஏன் போதாது என்பதுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் பாட் ஒட்டுகிற விதம் அந்தச் சேர்க்கிட்டின் ஒரு பகுதி.

சோவியத் பக்கம் நடந்ததும் சுவையான கதை. லினா ஸ்டெர்னின் மாணவர் நவும் குர்விச் 1939-லேயே கப்பாசிட்டர் டிஸ்சார்ஜால் மிருகங்களின் இதயத்தைத் திருப்பிக் காட்டியிருந்தார். அவருடைய வடிவத்தில் கரண்ட் பூச்சியத்தைக் கடந்து கொஞ்சம் எதிர்ப்பக்கம் போகும். மேற்கே அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான், எதிர்ப்பக்கம் திரும்புகிற இரண்டு கட்ட ஷொக் குறைந்த சக்தியிலேயே வேலை செய்கிறது என்று மேற்கும் கண்டுபிடித்தது. இன்றைக்குக் கடையில் விற்கிற எல்லாமே பைஃபேசிக். ஆஸ்திரேலியாவின் வழிகாட்டலில் பெரியவர்களுக்கு 200 ஜூல்தான், பழைய 360 இல்லை.

ஏன் மில்லிசெக்கன்? ஏன் மைக்ரோசெக்கன் இல்லை, செக்கன் இல்லை? ஏனென்றால் இதயக் கலத்தின் மென்சவ்வே ஒரு கப்பாசிட்டர், கசிகிற கப்பாசிட்டர். அதுக்கும் சில மில்லிசெக்கன் அளவில் ஒரு டைம் கொன்ஸ்டன்ட் இருக்கு. அதைவிட வேகமாகத் தட்டினால் அதுக்குத் தெரியாது, அதைவிட நீட்டி இழுத்தால் வீண். வெளியே ஒரு சேர்க்கிட், உள்ளே கோடிக்கணக்கான சின்னச் சேர்க்கிட்கள், இரண்டும் ஒரே நேர அளவில் கதைத்தால்தான் காரியம் நடக்கும். பைஃபேசிக்கின் இரண்டாவது கட்டம், முதல் கட்டம் கலங்களில் விட்டுப்போன மிச்சச் சார்ஜை வழித்தெடுக்கிறது என்று கருதுகினம்.

இன்றைய ஏ.இ.டி. பெட்டிக்குள் அந்தப் பெரிய சுருள் இல்லை. 100 மைக்ரோஃபேரட் அளவிலான கப்பாசிட்டர், இரண்டாயிரத்துக்குக் கீழே வோல்ட், திசையைத் திருப்ப நாலு செமிகொண்டக்டர் சுவிட்ச். வாலை வளைத்து இறக்குவதுக்குப் பதில், நேரம் வந்ததும் சுவிட்ச் திறந்து வெட்டிவிடும். அதைவிட முக்கியம், ஷொக்குக்கு முன்னாலோ ஷொக்கின் போதோ அது உங்கட தடையை அளக்கிறது. 50 ஓமா, 100 ஓமா என்று பார்த்து வோல்ட்டையோ நீளத்தையோ மாற்றுகிறது. எல் போய்விட்டது, அந்த இடத்தில் கோட் வந்துவிட்டது. ஹார்ட்வெயர் செய்த வேலையை சொஃப்ட்வெயர் எடுத்துக்கொள்கிற கதை நாங்கள் இந்தப் பாட்காஸ்டில் எத்தினையோ தரம் கதைத்ததுதான், ஆனால் அந்த மாற்றத்தால் பெட்டி கைப்பையளவு இலேசாகி ஹோல் சுவரில் தொங்கத் தொடங்கின கதை எனக்கு அதிலே மிகப் பிடித்தது.

இலேசாக்க வேண்டும் என்று முதல் பிடிவாதம் பிடித்தவர் பெல்ஃபாஸ்ட் டொக்டர் ஃபிராங்க் பன்ட்ரிட்ஜ். ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வரமுதலே சாகினம், அப்ப மெஷின்தான் ஆளிடம் போகவேண்டும் என்றார். 1965-ல் கார் பற்றரியில் ஓடுகிற 70 கிலோ மெஷினை அம்புலன்ஸில் ஏற்றினார். சில வருஷங்களில் அதை மூன்று கிலோ அளவுக்குக் கொண்டுவந்தார். இந்த மனிசன் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் பிடிபட்டு, சயாம்-பர்மா ரயில் பாதையில் கைதியாக வேலை செய்தவர். அதே பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் பல்லாயிரம் பேர் செத்தினம். அதே பாதையில்தான் மெல்பேர்னின் வெரி டன்லப் கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தார், அவருக்குச் சிலை நகரத்தில் நிற்கிறது. தமிழ்ப் பேருக்கு அப்பிடிச் சிலை இல்லை. இது இந்தக் கட்டுரையின் விஷயம் இல்லைத்தான், ஆனால் எழுதாமல் தாண்ட மனம் வரவில்லை.

இப்ப கோபத்துக்கு வருகிறேன்.

இந்தக் கதையில் இரண்டு டைம் கொன்ஸ்டன்ட் இருக்கு. ஒன்று மில்லிசெக்கன். அதை எஞ்சினியர்கள் தீர்த்துவிட்டார்கள். மற்றது நிமிஷம். ஷொக் கிடைக்காமல் போகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு ஏறத்தாழ பத்து சதவீதம் குறைகிறது. நெஞ்சை அமுக்கி சி.பி.ஆர். செய்தால் அந்தச் சரிவு மெதுவாகும், நிற்காது. விக்டோரியாவில் அவசர அம்புலன்ஸ் அழைப்புகளில் 85 சதவீதத்துக்கு 15 நிமிஷத்துக்குள் போய்ச்சேருவதே இலக்கு. இதயம் நின்ற அழைப்புக்கு அவர்கள் எல்லாவற்றையும் விட்டு ஓடி வருவினம், அது உண்மை. ஆனாலும் வீதி வீதிதான், டிரஃபிக் டிரஃபிக்தான். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பத்திரிக்கு வெளியே வருஷத்துக்கு 25,000 பேருக்கும் மேல் இப்பிடி விழுகினம். பிழைக்கிறது பத்தில் ஒருத்தர் அளவுதான்.

எங்கட ஆக்களுக்கு இது இன்னும் கிட்ட. 2007-ல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி, இலங்கை இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் முதல் மாரடைப்பு வருகிற நடுவயது 53 என்று சொன்னது. மற்ற நாடுகளில் 59. ஆறு வருஷ வித்தியாசம். 53 வயது என்றால் யார்? உங்கட அப்பா. தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கிற மாமா. தமிழ்ப் பள்ளியில் கதிரை அடுக்குகிற சித்தப்பா.

போன வருஷம் நான் ஒரு கலியாணத்துக்குப் போனேன், ஹோலின் பேர் வேண்டாம். சுவரில் பச்சை நிறத்தில் இதயமும் மின்னலும் போட்ட அடையாளம் இருந்தது. கீழே பெட்டி இல்லை. கேட்டேன். "அது ஒஃபிஸில வைச்சிருக்கு, வெளியில வைச்சால் பிள்ளையள் எடுத்து விளையாடுவினம்." ஒஃபிஸ் பூட்டியிருந்தது. திறப்பு? மனேஜரிடம். மனேஜர்? வீட்டில். இரண்டாயிரம் டாலர் அளவில் குடுத்து வாங்கின கப்பாசிட்டர் ஒன்று, பூட்டின கதவுக்குப் பின்னால், முழுப் பற்றரியோடு, யாருக்கும் பிரயோசனமில்லாமல். மில்லிசெக்கன் பிரச்சினையை உலகத்தின் கெட்டிக்காரர்கள் அரை நூற்றாண்டு உழைத்துத் தீர்த்துத் தர, நிமிஷப் பிரச்சினையை நாங்கள் ஒரு திறப்புக்கோர்வையில் தொங்கவிடுகிறோம்.

அப்பிடி எல்லா இடமும் இல்லை. ஒழுங்காக வைத்திருக்கிற கோயில்களும் கிளப்களும் இருக்கு. ஸ்போர்ட்ஸ் கிளப்களுக்கு நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் இந்தப் பெட்டி வாங்கக் காசே குடுத்திருக்கின்றன. தென் ஆஸ்திரேலியா 2022-ல் சட்டமே போட்டது. அரசுக் கட்டடங்களுக்கு 2025 தொடக்கம், மற்றப் பல பொது இடங்களுக்கு 2026 தொடக்கம். நாட்டிலேயே முதல் மாநிலம் அது. நாங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமோ?

கொமிட்டி அங்கிள்மார் சொல்லுகிற ஒரு காரணம் எனக்குத் தெரியும்: "பிழையாச் செய்தால் கேஸ் போடுவாங்கள்." நியூ சவுத் வேல்ஸின் 2002 சிவில் லயபிலிட்டி சட்டமும் விக்டோரியாவின் ரோங்ஸ் சட்டமும், நல்ல மனதோடு அவசர உதவி செய்கிறவரைப் பாதுகாக்கத்தான் தனிப் பகுதி வைத்திருக்கின்றன. அதோடு ஷொக் குடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது நீங்கள் இல்லை. பெட்டி தாளத்தைப் பார்க்கும். ஃபிபிரிலேஷன் மாதிரித் தெரியாவிட்டால் நீங்கள் எத்தினை தரம் பட்டனை அமத்தினாலும் அது குடுக்காது. "எங்களுக்கு ட்ரெய்னிங் இல்லை" என்பது அடுத்த காரணம். ட்ரெய்னிங் நல்லது, ஆனால் இல்லாமலும் பாவிக்கலாம். அது வாய்விட்டுச் சொல்லிக்குடுக்கும்.

இங்கிலீஷில் சொல்லிக்குடுக்கும், அதுதான் எனக்குக் கவலை. வேலை நாளில் காலமை பதினொரு மணிக்குக் கோயிலில் யார் இருக்கினம்? அம்மம்மாக்களும் தாத்தாக்களும். அவையளுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை, ஆனால் பதற்றத்தில், ஆஸ்திரேலிய உச்சரிப்பில் ஒரு மெஷின் கத்தினால்? பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கோ. பெரிய எழுத்தில், தமிழில், ஐந்தாறு வரி. இதுக்குக் கொமிட்டித் தீர்மானம் தேவையில்லை, ஒரு பிரிண்டர் போதும். எங்கட தலைமுறைக்குத் தமிழ் எழுதிப் பழக இதைவிட நல்ல ஹோம்வேர்க் கிடையாது.

அந்தத் தாளில் என்ன எழுதுவது என்பதில்தான் சேர்க்கிட் திரும்ப வருகிறது. வெள்ளைக்கார ஃபெஸ்ட் எய்ட் வகுப்பில் எங்கட நெஞ்சைப் பற்றிச் சொல்லித்தரமாட்டினம். கோயிலில் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் நிற்கினம், நல்லது, நேரம் மிச்சம். ஆனால் அந்த நெஞ்சில் வியர்வை, சந்தனம், விபூதி. பால்குடம், காவடி என்றால் ஆள் முழுக்க நனைந்திருப்பார். ஈரத் தோலில் இரண்டு பாட்களுக்கும் இடையில் கரண்ட் மேலாலேயே ஓடிவிடும். உள்ளே இதயத்துக்குப் போகவேண்டியது தோலில் போகிறது. விபூதியும் சந்தனமும் இருந்தால் பாட் ஒட்டாது, தடை ஏறும். அப்ப முதல் வேலை, சால்வையை எடுத்து நெஞ்சைத் துடை. உரசித் துடை. முடி அடர்ந்திருந்து பாட் ஒட்டாவிட்டால், பெரும்பாலான பெட்டிக்குள் ஒரு ரேசர் இருக்கும், அந்த இடத்தை மட்டும் வழி.

பெண்கள் என்றால் நாங்கள் தயங்குகிறோம். எங்கட ஆக்கள் மட்டுமில்லை, பொது இடத்தில் விழுகிற பெண்களுக்கு சி.பி.ஆர். கிடைப்பது ஆண்களைவிடக் குறைவு என்று வெளிநாட்டு ஆய்வுகள் பலதும் சொல்கின்றன. ஆனால் சேலை, பிளவுஸ், பின், கொடி எல்லாம் சேர்ந்தால் எங்களுக்குத் தயக்கம் இரட்டிப்பு. பாட் வெறுந்தோலில்தான் ஒட்டவேண்டும்: ஒன்று வலப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடப்பக்கம் கமக்கட்டுக்குக் கீழே. துணிக்கு மேலே ஒட்டினால் அந்தச் சேர்க்கிட் பூரணமாகாது. கத்தரிக்கோல் பெட்டிக்குள் இருக்கும், வெட்டுங்கோ. சுற்றி நிற்கிற பெண்கள் சேலையை விரித்து மறைப்புப் பிடிக்கலாம், அதுக்கு ஐந்து செக்கன் போதும். தாலிக்கொடி? கழற்றவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். பாட்டுக்குக் கீழே உலோகம் வந்தால் தோல் சுடும், கரண்டும் வழி மாறும். ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் சரி. தாலியைத் தொடலாமோ கூடாதோ என்று யோசித்து ஒரு நிமிஷம் நின்றால், அந்தத் தாலிக்கு உரியவளுக்குப் பத்து சதவீதம் போய்விடும்.

சிட்னியும் இந்த விஷயத்துக்குப் புதுசில்லை. 1920-களின் கடைசியில் மார்க் லிட்வில் என்ற டொக்டர், எட்கர் பூத் என்ற பௌதிகவியலாளரோடு சேர்ந்து செய்த கருவியால், கிரவுன் ஸ்ட்ரீட் பெண்கள் ஆஸ்பத்திரியில் துடிப்பில்லாமல் பிறந்த குழந்தையின் இதயத்தைத் தட்டி எழுப்பினார். லைட்டுக்குப் போகிற வயரிலிருந்து மின்சாரம். அது டீஃபிபிரிலேஷன் இல்லை, பேஸிங். ஆனால் அங்கேயும் கேள்வி ஒன்றுதான்: எந்த நேரத்தில், எவ்வளவு நேரம். இந்த ஊரில் பிறந்து எலெக்ட்ரிக்கல் படிக்கிற எங்களுக்கு அது ஊர்க்கதை.

ஆகவே இந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கோ, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கோ போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கோ. பெட்டி எங்கே இருக்கு என்று பாருங்கோ. பூட்டா, திறப்பா? சின்னப் பச்சை லைட் எரிகிறதா? பாட் பைக்கற்றில் ஒரு திகதி இருக்கும், அது தாண்டிவிட்டதா? தாண்டினால் உள்ளே இருக்கிற ஜெல் காயத் தொடங்கும், காய்ந்தால் தோலுக்கும் பாட்டுக்கும் இடையில் தடை ஏறும், அதாவது உங்கட ஆர் பிழைக்கும். பற்றரிக்கும் திகதி இருக்கு. பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கோ. இடத்தின் பேர் வேண்டாம், பூட்டியிருந்ததா திறந்திருந்ததா என்று மட்டும் சொன்னால் போதும்.

அடுத்த எபிசோடில் பழுதான பழைய மெஷின் ஒன்றைத் திறந்து, உள்ளே இருக்கிற சுருளைக் காட்டப்போகிறோம். தயவுசெய்து ஒருத்தரும் இதை வீட்டுக் கராஜில் செய்து பார்க்க வேண்டாம். பற்றரி கழற்றின பிறகும் அந்தக் கப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம். நாங்களே முதலில் ஒரு பெரிய ரெசிஸ்டரைக் குறுக்கே பிடித்து இறக்கிவிட்டு, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகுதான் கை வைப்போம்.